உதிரும் நெல்

செப்டம்பர் முதல் வாரம். மினசோட்டா மாநிலத்தின் வடக்கே ஓர் ஏரி. ஏரி என்று யாராவது சொன்னால்தான் அது ஏரி என்று தெரியும். கரையில் நின்று பார்த்தால் தண்ணீரே கண்ணில் படாது. கதிர் வாங்கிய புல் ஆளை மறைக்கும் உயரத்தில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை நிற்கிறது. அதற்குள் ஒரு தோணி நுழைகிறது. நிற்பவர் நீண்ட கவைக்கம்பை அடிச்சேற்றில் ஊன்றித் தள்ளுகிறார். உட்கார்ந்திருப்பவர் கையில் வழவழவென்று சீவிய இரண்டு சீடார் குச்சிகள். ஒரு குச்சியால் தாள்களைத் தோணிக்கு மேலே வளைக்கிறார், இன்னொன்றால் நீவுவதுபோலத் தட்டுகிறார். முற்றிய மணிகள் தோணிக்குள் சடசடவென்று உதிர்கின்றன. வளைந்த தாள் ஒடியாமல் மறுபடி நிமிர்ந்துகொள்கிறது. கொஞ்சம் நெல் தோணிக்கு வெளியே தண்ணீரில் விழுகிறது. அதைச் சிந்திப்போனது என்று யாரும் சொல்வதில்லை. அடுத்த ஆண்டின் விதைப்பு அந்த நொடியில்தான் நடக்கிறது.

இந்தத் தானியத்தை அங்குள்ள அனிஷினாபே மக்கள் மனோமின் என்கிறார்கள். ஓஜிப்வே, சிப்பெவா என்றும் அறியப்படுபவர்கள் இவர்கள். அவர்களின் அண்டை இனத்தாரான மெனோமினிகளுக்கு இந்த நெல்லே பெயராகிவிட்டது. தோல் வணிகத்துக்கு வந்த பிரெஞ்சுக்காரர்கள் இதைக் 'கிறுக்கு ஓட்ஸ்' என்றார்கள். 1753இல் லின்னேயஸ் இந்தப் பேரினத்துக்கு வைத்த பெயர் சிசேனியா. விவிலியத்தில் கோதுமை வயலில் பகைவன் விதைத்துவிட்டுப் போகும் களைக்குரிய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. ஒரு மக்களின் உயிர்ச்சோறு தாவரவியலுக்குள் களையின் பெயரோடு நுழைந்தது. ஆங்கிலத்தில் 'காட்டு அரிசி' என்பார்கள். ஆனால் இது நம் நெல்லின் காட்டு வடிவம் இல்லை. ஒரே புல் குடும்பத்தில் நெல்லுக்கு நெருங்கிய உறவு, அவ்வளவே. தமிழில் குளநெல் என்றொரு பழைய சொல் உண்டு. குளத்தில் தானாக முளைத்து விளையும் நெல்லைக் குறிப்பது. அந்தச் சொல் இந்தப் பயிருக்கு அழகாகப் பொருந்தும். இருந்தாலும் அந்த மக்கள் அழைக்கும் பெயராலேயே அழைப்பதுதான் முறை என்று எனக்குத் தோன்றுகிறது. மனோமின் என்றே சொல்கிறேன்.

ஒரு மணியைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். ஊசிபோல மெலிந்த நெல். நுனியில் நீண்ட வால். அந்த வாலை ஒரு பக்கமாக நீவினால் வழுக்கும், எதிர்ப்பக்கமாக நீவினால் விரலைப் பிடித்துக்கொள்ளும். நம் நெற்சுணையின் பெரிய அண்ணன். மனோமின் பறிக்கப் போகிறவர்கள் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு போவது இந்தச் சுணைக்குப் பயந்துதான். தோணிக்குள் நெல்லோடு சேர்ந்து விழும் கடிக்கும் புழுவுக்குப் பயந்தும்தான். ஆனால் அந்த வாலுக்கு இயற்கை கொடுத்திருக்கும் வேலை வேறு. மணி உதிரும்போது அது அம்பின் இறகுபோல நின்று, கனமான முனை கீழாக நீரில் இறங்கச் செய்கிறது. போய்க் குத்திய இடத்துச் சேற்றை விட்டு வெளியே வராதபடி முட்கள் பற்றிக்கொள்கின்றன.

அப்புறம் ஏரி உறைகிறது. பனிக்கட்டிக்கு அடியில் மூன்று நான்கு மாதம் குளிர்ந்த நீரில் ஊறினால்தான் இந்த விதையின் உறக்கம் கலையும். நம் வழக்கப்படி வெயிலில் காயவைத்து வைக்கோற்புரி சுற்றிக் கோட்டை கட்டினால் செத்துப்போகும். ஈரமும் குளிரும் குறையாமல் வைத்திருந்தால்தான் விதை. சில மணிகள் முதல் வசந்தத்திலேயே முளைக்கும். சில மணிகள் ஆண்டுக்கணக்கில் சேற்றில் காத்துக்கிடக்கும். ஒரு கோடை பொய்த்தாலும் ஏரி வெறுமையாகிவிடாமல் இருப்பது அப்படிக் காத்துக்கிடப்பவற்றால்.

முளைத்த பயிர் ஜூன் மாதத்தில் நீரின் மேல்மட்டத்தைத் தொடும். தொட்டதும் நிமிராது. இலைகள் நாடாபோல நீரின்மேல் படுத்துக்கிடக்கும். மனோமினின் வாழ்வில் மிகவும் ஆபத்தான நாட்கள் அவை. வேர் இன்னும் ஊன்றியிருக்காது, இலையோ மிதக்கும். அந்த நேரத்தில் ஏரியின் மட்டம் கொஞ்சம் சட்டென உயர்ந்தால் போதும், இலையே செடியைச் சேற்றிலிருந்து பிடுங்கிவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் துயரத்தில் பாதி இதில்தான் இருக்கிறது.

நெல், கோதுமை, வாற்கோதுமை எல்லாம் மனிதனின் பயிரானது உதிராத கதிரைத் தேடிப்பிடித்ததால்தான். காட்டுப்புல் தன் மணியை உதிர்க்கும், உதிர்ந்தால்தான் அதற்கு வம்சம். நம் முன்னோர் உதிராமல் நின்ற கதிர்களையே அறுத்து, அதையே விதைத்து, பல நூறு தலைமுறைகளில் அந்தக் குணத்தை மாற்றினார்கள். அதன்பின் மனிதக் கை இல்லாமல் அந்தப் பயிர் இல்லை. அனிஷினாபே மக்கள் மனோமினை அப்படி மாற்றவில்லை. அது உதிரட்டும் என்று விட்டு, உதிரும் நேரத்தில் தோணியோடு கீழே போய் நின்றார்கள். ஒரே கதிரில் மணிகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் முற்றும். அதனால் ஒரே இடத்துக்கு நாலைந்து நாள் கழித்து மறுபடி போவார்கள். எந்த ஏரியை எப்போது திறக்கலாம் என்பதைப் பெரியவர்கள் பார்த்துச் சொல்லும்வரை தோணி இறங்காது. இறங்கும் முன் தண்ணீருக்குப் புகையிலை படைப்பது வழக்கம். இதை வேளாண்மை இல்லை, வெறும் சேகரிப்பு என்று எழுதிவைத்தவர்கள் பலர். ஓர் ஏரியின் விளைச்சலை இத்தனை தலைமுறை குலையாமல் காப்பதற்கு வேளாண்மை என்று பெயரில்லை என்றால் அந்தச் சொல்லைத்தான் திருத்த வேண்டும்.

இந்த மக்கள் கிழக்கே அட்லாண்டிக் கரையிலிருந்து வந்தவர்கள் என்கிறது அவர்களின் வாய்மொழி வரலாறு. தண்ணீரின்மேல் உணவு விளையும் இடத்துக்குப் போங்கள் என்று ஒரு தீர்க்கதரிசனம். தலைமுறை தலைமுறையாக மேற்கே நடந்து, சுப்பீரியர் ஏரிப் பகுதிக்கு வந்தபோது அந்த வாக்கு பலித்தது. இன்னொரு கதையும் உண்டு. அவர்களின் கதைகளின் நாயகன் நானபோஜு வேட்டையில் ஒன்றும் கிடைக்காமல் வீடு திரும்புகிறார். கொதிக்கும் பானையின் விளிம்பில் ஒரு வாத்து உட்கார்ந்திருந்து பறந்துபோகிறது. பானையைப் பார்த்தால் மனோமின் மிதக்கிறது. வாத்து போன திசையில் போய் ஏரியைக் கண்டடைகிறார். வாத்துகள் இந்த நெல்லைத் தின்றே தெற்கே பறக்க வலுப்பெறுகின்றன என்பதும் இன்றுவரை உண்மை.

தோணியில் வந்த நெல் அப்படியே சோறாகாது. கரையில் பரப்பி ஈரம் உலர்த்துவார்கள். பிறகு விறகடுப்பில் சாய்த்துவைத்த இரும்புக் கொப்பரையில் போட்டு, துடுப்பால் ஓயாமல் கிளறி வறுப்பார்கள். பச்சையாக இருந்தது பழுப்பேறும், உமி முறுகும், தேயிலையும் புகையும் கலந்தாற்போல ஒரு வாசம் எழும். ஒரு நிமிடம் கை ஓய்ந்தால் கருகிவிடும். வறுத்ததை மரச்சட்டம் பதித்த ஒரு சிறு குழியில் கொட்டுவார்கள். புது மான்தோல் செருப்பு அணிந்த ஒருவர் இரண்டு பக்கமும் கட்டிய கம்புகளைப் பிடித்துக்கொண்டு குழிக்குள் இறங்கி மிதிப்பார். பாதி உடல் எடையைக் கம்பு தாங்கும். பாதம் மட்டும் திருகித் திருகி ஆடும். சிறுவர்களை இறக்கிவிடுவதும் உண்டு. கனத்த கால் என்றால் அரிசி நொறுங்கிப்போகும். கடைசியாகப் புடைப்பது. பூர்ச்ச மரப்பட்டையில் செய்த அகலத் தட்டு, இரண்டு கை, ஒரு சின்னத் தூக்கு. உமி காற்றில் போகும், அரிசி தட்டில் விழும். முறம் பிடித்துப் பழகிய எந்தத் தமிழ்ப் பெண்ணும் அந்தத் தட்டை வாங்கினால் முதல் முயற்சியிலேயே புடைத்துவிடுவார். பறித்த எடையில் ஏறக்குறைய பாதிதான் அரிசியாகத் தேறும்.

இந்த நெல்லுக்கு ஒப்பந்தத்திலும் இடம் இருக்கிறது. 1837இல் இன்றைய விஸ்கான்சின், மினசோட்டா பகுதிகளில் பெருநிலத்தை அமெரிக்க அரசுக்கு எழுதிக்கொடுத்தபோது, அந்த நிலத்திலும் ஆறுகளிலும் ஏரிகளிலும் வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் மனோமின் சேகரிக்கவும் தங்களுக்குள்ள உரிமையை அனிஷினாபே மக்கள் ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவில் எழுதி வாங்கினார்கள். நிலம் போனாலும் நெல் போகக் கூடாது என்ற தெளிவு அது. அந்த உரிமை உயிரோடுதான் இருக்கிறது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1999இல் ஒப்புக்கொண்டது. ஐந்துக்கு நான்கு. ஒரே ஒரு நீதிபதி வித்தியாசம்.

உரிமை தாளில் இருந்தது, ஏரியோ வேறு கைகளுக்குப் போனது. 1880களிலிருந்து மிசிசிப்பி ஆற்றின் தலைநீர்ப் பகுதியில் அரசு அணைகளைக் கட்டியது. வின்னிபிகோஷிஷ் அணை 1884இல் எழுந்தது. கீழே கப்பல் போக்குவரத்துக்கும் ஆலைகளுக்கும் தண்ணீர் வேண்டும், அதற்காக மேலே ஏரிகளின் மட்டம் ஏறியது. ஜூன் மாதத்து மிதக்கும் இலையை நினைத்துப் பாருங்கள். விளைந்துகொண்டிருந்த படுகைகள் மூழ்கின. இடுகாடுகளும் மூழ்கின. வேறு சில இடங்களில் எதிர்மாறாக நடந்தது. ஏரிகளை வடித்து வெள்ளைக் குடியேறிகளுக்கு வயலாக்குவதற்காகக் கால்வாய்கள் வெட்டினார்கள். மட்டம் ஏறினாலும் சாவு, இறங்கினாலும் சாவு.

1950இல் மெரிஃபீல்டு என்ற ஊருக்கு அருகே காட்வர்டு சகோதரர்கள் ஓர் ஏக்கரில் வரப்பு கட்டித் தண்ணீர் நிறுத்தி மனோமினை வயற்பயிராக விளைவித்துப் பார்த்தார்கள். பெரிய தடை ஒன்றுதான். மணி உதிர்ந்தது. இயந்திரம் ஒரே தடவையில் அறுக்க வேண்டுமென்றால் எல்லா மணியும் கதிரில் நிற்க வேண்டும். 1960களில் மினசோட்டா பல்கலைக்கழகம் உதிராத செடிகளைப் பொறுக்கியெடுத்துப் பெருக்கியது. பெரிய உணவு நிறுவனங்கள் கொள்முதலுக்கு வந்தன. உரம், பூஞ்சைக்கொல்லி, அறுப்புக்கு முன் வடித்த வயல், கதிரறுக்கும் இயந்திரம் என்று கதை வேகமாக நகர்ந்தது. 1977இல் மினசோட்டா இதைத் தன் மாநிலத் தானியமாக அறிவித்தது. 1980களில் மனோமினை ஒருநாளும் கண்டிராத கலிஃபோர்னியா, விளைச்சலில் மினசோட்டாவையே முந்திக்கொண்டு போனது.

இன்று அமெரிக்காவில் உள்ள நம் உறவினர் வீட்டு அலமாரியில் பளபளக்கும் கரிய 'காட்டு அரிசி' பொட்டலம் இருந்தால், அது பெரும்பாலும் இப்படி வயலில் விளைந்தது. அதையும் ஏரியில் பறித்துக் கையால் வறுத்ததையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். ஏரியரிசி ஒரே நிறமாக இருக்காது. பழுப்பு, இளம்பச்சை, வைக்கோல் நிறம் எல்லாம் கலந்திருக்கும். இருபது நிமிடத்தில் வெந்து மலர்ந்துவிடும். கரிய அரிசிக்கு முக்கால் மணி நேரமும் போதாமல் போகலாம். வயலில் விளைந்ததை அப்படிக் குறிப்பிட்டே விற்க வேண்டும் என்று மினசோட்டாவில் சட்டம் இருக்கிறது. அதற்காகவும் போராட வேண்டியிருந்தது. மலிவான வயலரிசி சந்தையை நிரப்பியபோது, செப்டம்பர் மாத ஏரியை நம்பிக் குழந்தைகளுக்குப் பள்ளி உடுப்பும் குளிர்கால விறகும் வாங்கிய குடும்பங்களின் வரும்படி அடிபட்டது. மனோமின் என்றால் புனிதம், சடங்கு என்று மட்டும் எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்கள்.

2000இல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன் மரபணு வரைபடத்தை வெளியிட்டார்கள். அதற்கு முன்பே பழங்குடித் தலைவர்கள் எதிர்ப்புக் கடிதம் எழுதியிருந்தார்கள். அவர்களின் அச்சத்தில் தாவரவியல் இருந்தது. மனோமினில் பெண் பூ கதிரின் மேலே, ஆண் பூ கீழே. மகரந்தம் காற்றில் போகும், விதையை வாத்து கொண்டுபோகும். மரபணு மாற்றிய பயிர் ஒரு வயலுக்கு வந்துவிட்டால் அதை ஏரிக்கு வராமல் எந்த வேலியாலும் தடுக்க முடியாது. அவர்கள் விடாமல் அழுத்தியதன் பலன், மரபணு மாற்றிய மனோமினை வெளியில் விடுவதற்கு முன் முழுமையான சுற்றுச்சூழல் தாக்க ஆய்வு கட்டாயம் என்று 2007இல் வந்த சட்டம்.

இவற்றையெல்லாம்விட மெதுவாகக் கொல்லும் ஒன்று உண்டு. 1940களில் ஜான் மாயில் என்ற உயிரியலாளர் மாநிலம் முழுக்க ஏரிநீரை அளந்தார். சல்பேட் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும் நீரில் செழித்த படுகை எதையும் அவர் காணவில்லை. 1973இல் அந்த 10 என்ற எண்ணே சட்டமானது. இரும்புச் சுரங்கக் கழிவிலிருந்து வரும் சல்பேட் நேரடியாகப் பயிரைத் தொடுவதில்லை. அடிச்சேற்றுப் பாக்டீரியாக்கள் அதைச் சல்பைடாக மாற்றும். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில், இரும்புச் சல்பைடு வேரின்மேல் கரிய பூச்சாகப் படியும். சத்து மேலே ஏறாது. அந்த ஆண்டு செடி நிற்கும், ஆனால் மணி சிறுக்கும், எண்ணிக்கை குறையும், பதர் கூடும். அடுத்த ஆண்டு முளைப்பது கொஞ்சம் குறையும். அதற்கடுத்த ஆண்டு இன்னும் கொஞ்சம். ஆய்வாளர் ஜான் பாஸ்டர் தலைமையில் டூலூத் நகரில் நடந்த தொட்டி ஆய்வுகள் இந்த வழியைத் தெளிவாகக் காட்டின. சட்டமோ பல பத்தாண்டுகள் பெயரளவில்தான் இருந்தது. சல்பேட் கூடிய சுமார் 30 மனோமின் நீர்நிலைகளைப் பழுதுபட்டவை என்ற பட்டியலில் சேர்க்க நடுவண் அரசின் சுற்றுச்சூழல் முகமை 2021இல் தலையிட வேண்டியிருந்தது.

மீட்பு எங்கே தொடங்கியது என்றால் தண்ணீர் மட்டத்தில்தான். ஃபாண்டு லாக் பழங்குடியினரின் நிலத்தில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டிய கால்வாய்கள் ஏரிகளைக் கெடுத்திருந்தன. அந்த மக்கள் தங்கள் சொந்த வளத்துறையை அமைத்து, மதகுகளைக் கட்டி, மட்டத்தைத் தங்கள் கையில் எடுத்தார்கள். ஜூனில் இலை மிதக்கும்போது நீர் ஏறாமல் பார்ப்பது, படுகையை அடைத்துக்கொண்ட வேறு நீர்ச்செடிகளை அறுத்து அப்புறப்படுத்துவது, பச்சை நெல்லைக் கொண்டுவந்து தூவுவது என்று வருடம் தவறாத வேலை. ஒயிட் எர்த் பழங்குடி நிலத்தில் செயற்பாட்டாளர் வினோனா லாடூக் 1989இல் தொடங்கிய நில மீட்பு அமைப்பு, ஏரியில் பறித்தவர்களுக்கு நியாயமான விலை கொடுத்து வாங்கித் தானே விற்றது. மினியாபொலிஸில் லக்கோட்டா இனத்துச் சமையல் கலைஞர் ஷான் ஷெர்மன் 2021இல் திறந்த ஓவாம்னி உணவகத்தில் கோதுமையும் பாலும் கரும்புச் சர்க்கரையும் கிடையாது, ஏரி மனோமின் உண்டு. எல்லாப் பழங்குடிகளும் ஒரே வழியில் போகிறார்கள் என்றும் இல்லை. ரெட் லேக் இனத்தார் தங்கள் நிலத்தில் வயல் மனோமினும் விளைவிக்கிறார்கள். தங்கள் நெல்லைத் தாங்களே விளைவித்து விற்பதும் ஒரு தன்னாட்சிதான். அதை வெளியாள் குறை சொல்ல இடமில்லை என்றே நினைக்கிறேன்.

2018 டிசம்பர் இறுதியில் ஒயிட் எர்த் மக்கள் மனோமினுக்கே உரிமைகளை அளித்து ஒரு சட்டம் இயற்றினார்கள். இருப்பதற்கும் தழைப்பதற்கும் பெருகுவதற்கும் அதற்கு உரிமை உண்டு, தூய நீர் அதன் உரிமை என்றது அந்தச் சட்டம். 2021இல் அது நீதிமன்றத்துக்குப் போனது. 'மூன்றாம் எண்' எனப்படும் எண்ணெய்க் குழாய்ப் பணிக்காகச் சுமார் 500 கோடி கேலன் நிலத்தடி நீரை இறைத்து வெளியேற்ற மாநில அரசு அனுமதி தந்திருந்தது, அதுவும் கடும் வறட்சி ஆண்டில். பழங்குடி நீதிமன்றத்தில் முதல் மனுதாரரின் பெயர் மனோமின். வழக்கு வெல்லவில்லை. தங்கள் எல்லைக்கு வெளியே, தங்கள் இனத்தவரல்லாதார் செய்ததை விசாரிக்கத் தங்களுக்கு அதிகாரம் இல்லை என்று ஒயிட் எர்த் மேல்முறையீட்டு நீதிமன்றமே 2022 மார்ச்சில் சொன்னது. அதற்குள் குழாயில் எண்ணெய் ஓடத் தொடங்கியிருந்தது. ஆனாலும் அந்த வழக்கின் தலைப்பு பதிவேட்டில் இருக்கிறது: ஒரு பக்கம் மனோமின், மறுபக்கம் மினசோட்டாவின் இயற்கை வளத்துறை.

டூலூத்துக்கு அருகில் செயின்ட் லூயிஸ் ஆறு சுப்பீரியர் ஏரியில் கலக்கும் கழிமுகம் ஒரு காலத்தில் பெரும் மனோமின் படுகை. மர ஆலைகளும் துறைமுகமும் எஃகு ஆலையும் அதை அழித்தன. சுமார் பத்தாண்டுகளாக அங்கே பழங்குடி அமைப்புகளும் இரண்டு மாநிலங்களும் சேர்ந்து விதைக்கின்றன. வேறு ஏரிகளில் அந்த வாரம் பறித்த பச்சை நெல்லை, காயவிடாமல், வறுக்காமல், ஈரச் சாக்கில் கொண்டுவருகிறார்கள். தோணியில் போய்க் கைநிறைய அள்ளி வீசுகிறார்கள். ஒரு முறை வீசினால் போதாது. சேற்றில் காத்துக்கிடக்கும் விதை இருப்பு உருவாகவேண்டுமானால் பல ஆண்டுகள் தொடர்ந்து வீச வேண்டும். முளைத்து மேலே வரும் இளம் பயிரைக் கனடா வாத்துகள் கூட்டமாக வந்து மேய்ந்துவிடுகின்றன. அதனால் சில இடங்களில் நீருக்குள் வேலி கட்டுகிறார்கள், வாத்துகளை விரட்டப் பார்க்கிறார்கள். சில குடாக்களில் பயிர் பிடித்திருக்கிறது, சிலவற்றில் பிடிக்கவில்லை.

வீசிய மணிகள் வால் மேலாக நின்று இறங்குகின்றன. சில வாரங்களில் மேலே பனி மூடும். அவற்றில் எது வரும் வசந்தத்தில் எழும், எது அதற்கடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கும் என்று வீசியவர்களுக்கும் தெரியாது. சாக்கை உதறி, தோணியின் மரச்சட்ட இடுக்கில் சிக்கிய கடைசி மணிகளையும் விரலால் கிளறித் தண்ணீரில் விட்டுவிட்டுக் கரைக்குத் திரும்புகிறார்கள்.